சிம்சன் பாலைவனத்துக்கு ஸ்டார்லிங்க் மினி ஒன்று போதுமா?

மெல்பர்னிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜூலை பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பங்கள், இரண்டு வண்டிகளில், மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் ஊர் வரை, நடு ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தைக் கடக்கப் போகிறார்களாம். செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் சின்ன டிஷ்ஷான ஸ்டார்லிங்க் மினி வாங்கியாகிவிட்டது. "இது கையில் இருக்கும்போது சாட்டிலைட் போன், அவசரப் பொத்தான் எல்லாம் எதற்கு? மனைவிக்கு நடுவில் இரண்டு நாள் அலுவலக வேலை உண்டு. திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்குத் தினமும் முகம் காட்டாவிட்டால் தூக்கம் வராது. இந்த ஒரு டிஷ் போதாதா?" இதுதான் கேள்வி.

தம்பி, அலுவலகத்துக்கும் அம்மாவுக்கும் மினி தாராளமாகப் போதும். ஆனால் அதை நம்பி அவசரப் பொத்தானை வாங்காமல் கிளம்பிவிடாதீர்கள். நான் அடிலெய்டில் இருக்கிறேன். பதினைந்து வருடமாகக் குளிர்காலம் வந்தால் வடக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவன். டிஷ் இல்லாத காலத்திலும் போயிருக்கிறேன், டிஷ்ஷோடும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் செல்போனை மறந்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் டவர்கள் மக்கள்தொகையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் எட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் மக்கள் கடலோரத்தில் இருக்கிறார்கள், நீங்கள் போவது நடு வயிற்றுக்கு. நிலப்பரப்பாகக் கணக்கிட்டால் பாதிக்கு மேல் சிக்னலே கிடையாது. 2024 அக்டோபர் கடைசியில் 3ஜி சேவையையும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் பாதையில் பேர்ட்ஸ்வில் ஊருக்குள் டவர் கிடைக்கும். அதுவரை சுமார் 500 கிலோமீட்டர், பெரும்பகுதி மணல்மேடுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வரிவரியாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும்.

ஸ்டார்லிங்க் அங்கே நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் உயரம். கிராமப்புற இணையத்துக்காக ஆஸ்திரேலியா 2015, 2016-ல் ஏவிய ஸ்கை மஸ்டர் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை. ஒரு வார்த்தை அதன் வழியே போய், அதற்குப் பதில் திரும்பி வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். வீடியோ அழைப்பில் இருவரும் மாற்றி மாற்றி "ஹலோ ஹலோ" என்று முட்டிக்கொள்வதற்குக் காரணம் அதுதான். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் அந்தத் தாமதம் காதுக்கே தெரியாது. ஓடிக்கொண்டே இருப்பதால் டிஷ் சில நொடிகளுக்கு ஒரு முறை ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அதற்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். சிம்சனில் அந்தக் கவலை குறைவு, மேடுகளுக்கு நடுவே தாழ்வில் கூடாரம் போட்டாலும் வானம் தாராளமாகத் தெரியும். இதே டிஷ்ஷை வடமேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள கிம்பர்லியின் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டுபோனால் நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்துபோகும்.

மரம் மட்டும் கவனம். ஓடைக்கரை நிழலைப் பார்த்ததும் அங்கே வண்டியை நிறுத்தத் தோன்றும். ஓடைக்கரை யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத இரவிலும் பெரிய கிளையை முன்னறிவிப்பின்றி உதிர்க்கும். ஆகவே டிஷ்ஷுக்காகவும் உங்களுக்காகவும் மரத்தடியை விட்டுத் தள்ளியே கூடாரம் போடுங்கள். செயலியில் போன் கேமராவால் வானத்தைச் சுற்றிப் பார்த்துத் தடை இருக்கிறதா என்று சொல்லும் வசதி உண்டு. டிஷ்ஷை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையும் அதுவே காட்டும்.

இனி மின்சாரம். இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன்.

மினி சராசரியாக 25 முதல் 40 வாட் வரை இழுக்கும். 30 வாட் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர். நாள் முழுக்க ஓடவிட்டால் 60 ஆம்பியர்-மணி. உங்கள் வண்டியில் இரண்டாவது பேட்டரி 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் என்ற ஈய-அமில வகை என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், மீறினால் பேட்டரியின் ஆயுள் போகும். ஃபிரிட்ஜ் ஒன்றே ஒரு நாளைக்கு 30, 40 தின்றுவிடும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதா? இரவில் டிஷ்ஷை அணைக்காமல் படுத்தால் காலையில் ஃபிரிட்ஜ் நின்றிருக்கும், இறைச்சி கெட்டிருக்கும். மாலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் போட்டால் 10 ஆம்பியர்-மணியோடு முடிந்துவிடும். லித்தியம் பேட்டரியாக இருந்தால் இன்னும் தாராளம். மறுநாள் வண்டி ஓடும்போது எடுத்தது திரும்ப ஏறிவிடும். ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 150, 200 வாட் சோலார் போர்வை ஒன்றைத் தூக்கிப்போடுங்கள். ஜூலையில் அங்கே பகல் குறுகியது, சூரியன் சாய்ந்தே போகும். பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

அடுத்தது ஒயர். மினி 12 முதல் 48 வோல்ட் வரை நேர் மின்னோட்டத்தில் ஓடும் என்பதால் 230 வோல்ட் இன்வெர்ட்டர் தேவையே இல்லை. இன்வெர்ட்டர் வழியாகப் போனால் வழியிலேயே மின்சாரம் வீணாகும். ஆனால் 12 வோல்ட்டை மெல்லிய நீள ஒயரில் அனுப்பினால் டிஷ்ஷைச் சேரும்போது 11-க்கும் கீழே இறங்கியிருக்கும். என் வண்டியில் இது நடந்தது. ஒரு வருடம் ஊட்னடாட்டா தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டிஷ் தானாக அணைந்து அணைந்து எழுந்தது. வானத்தைப் பார்த்தேன், செயலியைப் பார்த்தேன், இடத்தை மாற்றினேன், ஒரு பகல் முழுக்கப் போயிற்று. கடைசியில் பார்த்தால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்த பிளக் ஆட்டத்தில் தளர்ந்திருக்கிறது, ஒயரும் மெல்லியது. சேவையில் குறையே இல்லை. அதன்பின் இரண்டாவது பேட்டரியிலிருந்து தடித்த ஒயரைத் தனி பியூஸோடு இழுத்து, டிஷ்ஷுக்குப் பக்கத்தில் 24 வோல்ட்டாக ஏற்றித் தரும் சின்ன மாற்றியைப் பொருத்தினேன். அதற்குப்பிறகு ஒரு தடவைகூட அணையவில்லை. இவ்வளவு செய்ய நேரமில்லை என்றால் 100 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரும் அதற்கான தனி ஒயரும் வாங்கிக்கொள்ளுங்கள். 60 வாட் சார்ஜர் வேண்டாம், டிஷ் எழுந்திருக்கும்போது அதிகமாக இழுக்கும்.

இந்த நிலத்தில் தொலைத்தொடர்பின் கதையே மின்சாரத்தின் கதைதான் என்று எனக்குத் தோன்றும். 1928-ல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் குயின்ஸ்லாந்தின் கிளான்கரி ஊரில் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. விமானம் வந்துவிட்டது, மருத்துவரும் வந்துவிட்டார். ஆனால் 400 கிலோமீட்டர் தள்ளி மாட்டுப் பண்ணையில் பிரசவ வலியில் இருக்கும் பெண் அவரை எப்படிக் கூப்பிடுவாள்? பண்ணையில் மின்சாரம் கிடையாது. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர், சைக்கிள் மிதிப்பதுபோல் காலால் மிதித்தால் மின்சாரம் வரும் ரேடியோவைச் செய்து கொடுத்தார். 1929-ல் அது பண்ணைகளுக்குப் போனது. அதன்பிறகுதான் அந்தச் சேவை முழுதாக உயிர் பெற்றது. இன்றைக்கு 1 கிலோ எடையில் ஒரு பலகையை வண்டிக் கூரையில் வைத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு முகம் காட்டுகிறோம். அதற்கும் பேட்டரியில் உயிர் வேண்டும்.

இங்கேயே உங்கள் பெரிய கேள்விக்கும் பதில் இருக்கிறது. மினி வேலை செய்ய வண்டி பேட்டரி, ஒயர், டிஷ், செயலி, சந்தா, போன் எல்லாமே நன்றாக இருக்க வேண்டும். அவ்வளவும் வண்டியில் இருக்கின்றன. அவசரம் என்பதோ பெரும்பாலும் வண்டியோடு சேர்ந்தே வரும். மணல்மேட்டு உச்சியில் வண்டி புரண்டால் முதலில் நொறுங்குவது கூரையில் இருக்கும் டிஷ்தான். இன்னொன்று தீ. ஸ்பினிஃபெக்ஸ் புல் வண்டிக்கு அடியில் சூடான குழாயில் சிக்கிப் பற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் வண்டி முழுக்கப் போய்விடும். உடுத்திய துணியோடு வெளியே குதித்துத் தள்ளி நிற்பீர்கள், டிஷ் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். எதுவுமே நடக்காமல் சேவையே நின்றுபோவதும் உண்டு. 2025 ஜூலை 24-ஆம் தேதி மென்பொருள் கோளாறால் ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் அளவுக்குப் படுத்துவிட்டது. வீட்டில் இருந்தால் அது வெறும் எரிச்சல். பாம்பு கடித்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது நடந்தால்?

ஆகவே ஆளுக்கு ஒன்று வேண்டாம், வண்டிக்கு ஒரு பி.எல்.பி. கட்டாயம் வாங்குங்கள். உள்ளங்கையில் அடங்கும் அவசர ஒலிபரப்பி அது. 300, 400 டாலருக்குள் கிடைக்கும், மாதச் சந்தா கிடையாது. ஆன்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாகக் கான்பெராவில் இருக்கும் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் செய்தி போகும். குறைந்தது 24 மணி நேரம் விடாமல் கத்திக்கொண்டிருக்கும். ஜிபிஎஸ் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவில் பதிவு செய்யுங்கள், இலவசம். எத்தனை பேர், என்ன வண்டி, என்ன நிறம், எந்தப் பாதை என்பதைப் பயணத்துக்கு முன் அந்தப் பதிவில் சேர்த்துவிட்டால், தேடுகிறவர்களுக்குப் பெரிய உதவி. மிக முக்கியமாக, அது கையுறைப் பெட்டியில் கிடக்கக் கூடாது. ஓட்டுபவரின் இடுப்பிலோ, கதவோரம் தொங்கும் சின்னப் பையிலோ இருக்க வேண்டும். வண்டியை விட்டுக் குதிக்கும்போது கூடவே வர வேண்டும்.

பி.எல்.பி.யில் ஒரு குறை, அது பேசாது. உயிருக்கு ஆபத்து என்ற ஒன்றை மட்டுமே சொல்லும். ஆக்சில் உடைந்ததற்கெல்லாம் அழுத்தக் கூடாது. ஆக்சில் உடைந்தால் மினிதான் தெய்வம். வண்டியின் படத்தை அனுப்பி, எந்த உதிரிப்பாகம் என்று மெக்கானிக்கோடு பேசி, இழுத்துப் போக ஆள் வரவழைக்கலாம். சிம்சனுக்குள்ளிருந்து இழுத்துவரச் செலவு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்துவிடுங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது கார்மின் இன்ரீச், ஸோலியோ போன்ற கருவிகள். இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தி போகும் வரும், அவசர அழைப்பும் உண்டு, தனிப் பேட்டரி. பணம் இருந்தால் வாங்கலாம். சாட்டிலைட் போன் என்றால் இரிடியம் மட்டும் பாருங்கள். பழைய துராயா போன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். துராயா-3 செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில் பழுதாகி, ஆஸ்திரேலியாவில் அந்தச் சேவையே போய்விட்டது. இப்போது அந்தப் போன் வெறும் பேப்பர்வெயிட். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி 2023 மே முதல் இங்கே உண்டு. டெல்ஸ்ட்ராவும் 2025 ஜூனிலிருந்து சில போன்களில் செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி தருகிறது, ஆனால் அதில் 000 என்ற அவசர உதவி எண்ணுக்குச் செய்தி போகாது. இவையெல்லாம் இருந்தால் நல்லது. பி.எல்.பி.க்குப் பதில் அல்ல.

நம்மவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இன்ரீச்சோ சாட்டிலைட் போனோ வாங்கினால், ஊருக்குப் போகும்போது அதைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அவற்றைக் கொண்டுவருவது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இன்ரீச் வைத்திருந்த கனடாக்காரப் பெண் ஒருவரையே பிடித்தார்கள். தங்கை கல்யாணத்துக்குப் போய்க் காவல் நிலையத்தில் உட்கார வேண்டாம்.

வண்டிக்கு வண்டி பேச 5 வாட் யூ.எச்.எஃப். ரேடியோ இல்லாமல் உள்ளே இறங்கவே கூடாது. சிம்சனில் 10-ஆம் சேனல். மேட்டின் இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வண்டி ஏறினால் உச்சியில் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும், எதிரில் வருபவர் கடைசி நொடிவரை தெரிய மாட்டார். அதனால்தான் தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்துக்குக் கொடி கட்டச் சொல்கிறார்கள், அதனால்தான் சேனலில் அவ்வப்போது நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். இந்த வேலையை எந்த செயற்கைக்கோளும் செய்யாது.

டிஷ்ஷைக் கூரையிலேயே நிரந்தரமாகப் பொருத்தலாமா என்று கேட்பீர்கள். மவுண்ட் டேர் வந்து சேரும் வழியெல்லாம் தகரக் கூரை போல நெளிநெளியாக இருக்கும் மண் சாலை. அந்த அதிர்வில் நட்டு, போல்ட்டு எல்லாம் தானாகக் கழலும். நான் ஓடும்போது டிஷ்ஷை உள்ளே துணியில் சுற்றி வைத்துவிட்டு, நிறுத்தியபிறகு பானெட்டிலோ தரையிலோ வைக்கிறேன், இரண்டு நிமிட வேலை. வெளியே பொருத்தியே தீருவேன் என்றால் செருகி கழலாதபடி ஒயரை நன்றாகக் கட்டுங்கள். பிளக் முழுக்க உட்கார்ந்திருந்தால்தான் தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டு வாசலில் டிஷ்ஷைப் போட்டு ஓடவிடுங்கள். புது மென்பொருள் இறங்கி ஒரு முறை தன்னைத்தானே அணைத்து எழுந்திருக்கும், அது நடு மணலில் நடக்க வேண்டாம். எல்லார் போனிலும் வைஃபை காலிங்கை இயக்கி, சிம்மை ஏரோபிளேன் மோடில் போட்டுச் சாதாரண அழைப்பு போகிறதா என்று சோதியுங்கள். அப்படிப் பேசும்போது நீங்கள் இருக்கும் இடம் எதிரில் இருப்பவருக்குத் தானாகத் தெரியும் என்று எண்ண வேண்டாம். எமர்ஜென்சி பிளஸ் செயலியை இறக்கி வைத்துக்கொண்டு, அது காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையை வாய்விட்டுப் படிக்கப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். வரைபடங்களை முன்பே போனில் இறக்கிவிடுங்கள். படங்கள் தானாக மேகத்துக்கு ஏறுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மாதக் கணக்கில் உள்ள டேட்டாவை நாலு பேரின் புகைப்படங்களே விழுங்கிவிடும்.

என்னைக் கேட்டால் இந்த டிஷ்ஷின் உண்மையான பயன் வீடியோ அழைப்பில் இல்லை, வானிலையிலும் சாலை நிலவரத்திலும்தான் இருக்கிறது. அங்கே உங்கள் தலைமேல் மழை பெய்யாமலேயே வெள்ளம் வரும். 2025 மார்ச் கடைசியில் மேற்கு குயின்ஸ்லாந்தில் பெய்த மழை, வாரக்கணக்கில் தெற்கே வழிந்து ஊர்களைத் துண்டித்தது. பேர்ட்ஸ்வில் பக்கத்தில் ஐர் ஓடை பெருகினால் நேர் பாதை அடைபடும், வடக்கே சுற்ற வேண்டும். சுற்றுவதற்கு டீசல் வேண்டும். முன்பெல்லாம் அந்த ஓடைக்கரைக்குப் போய் நின்றபிறகுதான் தெரியும். இப்போது இரண்டு நாள் முன்பே பார்த்துத் திரும்பிவிடலாம். தினமும் மாலை டிஷ்ஷைப் போட்டதும் முதல் வேலை அது, அம்மாவுக்கு அழைப்பு இரண்டாவது.

அம்மாவைப் பற்றி. தினமும் முகம் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் ஒயர் அறுந்தால் அங்கே வீடே அழுதுகொண்டிருக்கும். "அழைப்பு வராவிட்டால் கருவி பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, இன்ன தேதி இரவுக்குள் பேர்ட்ஸ்வில்லிலிருந்து பேசுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். திருநெல்வேலியிலிருந்து 000-ஐ அழைக்க முடியாது. ஆகவே பயணத் திட்டத்தை எழுதி மெல்பர்னில் பொறுப்பான ஒரு நண்பரிடம் கொடுங்கள். எந்த நாள், எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அம்மாவுக்கு அந்த நண்பரின் எண் போதும்.

எது பழுதானாலும் வண்டியை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம், வண்டி நின்றதும் தண்ணீர் தேடி நடந்துபோனது. ஐவரும் இறந்தார்கள். வானத்திலிருந்து தேடுகிறவர் கண்ணில் படுவது வண்டிதான், நடக்கும் மனிதர் அல்ல. வாங்கங்குரு மக்கள் அந்தப் பாலைவனத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். மிகிரி என்ற கிணறுகள் எங்கெங்கே என்று அறிந்தவர்கள் என்பதால் அவர்களால் நடக்க முடிந்தது. நமக்கு அந்த அறிவு இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், அதற்குமேல் சில நாளுக்கு மிச்சம் என்று தண்ணீரைக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவியின் அலுவலக நாட்கள். மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு நாளைக்கு 80, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அலுவலகக் கூட்டத்துக்கு உட்கார்வது உடம்புக்கு ஆகாது, நேரமும் உங்கள் கையில் இருக்காது. அந்த இரண்டு நாளையும் டால்ஹவுசி ஊற்றில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெந்நீர் ஊற்றில் பிள்ளைகள் நாள் முழுக்கக் கிடப்பார்கள், வானம் திறந்திருக்கும், சோலார் போர்வையை விரிக்க இடம் இருக்கும். அங்கே டிஷ்ஷும் ஒயரும் பேட்டரியும் இரண்டு நாள் தொடர்ந்து ஓடி நின்றால், மூன்றாம் நாள் காலை கிழக்கே முதல் மேட்டில் ஏறலாம். ஏதாவது ஒன்று இழுத்தடித்தால் மவுண்ட் டேருக்குத் திரும்பிச் சரிசெய்துகொள்ள 70 கிலோமீட்டர்தான்.